அடுத்த ஸ்டேஷன் எது? கடும் நோயில் இருந்த ஒரு சிறுவனும் அவன் செய்த டிஜிட்டல் கதையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு ஒன்றில் உளநல ஆலோசகராக வேலை செய்யும்போது எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து இதைத் தொகுத்திருக்கிறேன். பெற்றோரும் சிறுவனும் சம்மதம் தந்திருக்கிறார்கள். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ உள்ளன. இதே வேலையில் இருப்பவர்களுக்கும், நோயுற்ற குழந்தையோடு மருத்துவமனையில் நாள்களைக் கழிக்கும் பெற்றோருக்கும் உதவலாம் என்பதால் எழுதுகிறேன்.

பின்னணி

சிறுவனுக்கு 9 வயது. விட்டுவிட்டு வந்த காய்ச்சல், கால் வலி, எங்கேயும் இடித்துக்கொள்ளாமலேயே உடம்பில் நீலநீலமாகத் தடம். இப்படித்தான் அழைத்து வந்தார்கள். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்று உறுதியானது. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இந்த வகை ரத்தப் புற்றுநோய்தான். முறையான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். ஆனால் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் வரை நீளும். முதல் கட்டமே சுமார் 4 வாரம்: தினமும் ஸ்டீராய்டு, வாரம் ஒருமுறை வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து, நடுநடுவே முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் மருந்து செலுத்துவது.

பெற்றோர் அவனிடம் சொன்னது வேறு. "ரத்தத்துல சத்து கம்மியா இருக்கு. ஊசி போட்டா சரியாயிடும். அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்." அவன் முன்னால் நோயின் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்று சேர்த்த அன்றே கேட்டுக்கொண்டார்கள். இது அரிதான கோரிக்கை அல்ல. அப்போதைக்குச் சரி என்றோம். "குழந்தைக்கு நோய் விவரம் தெரியாது" என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதப்பட்டது. வீட்டில் 5 வயதுத் தங்கை. அவளிடமும் அதே கதைதான்.

முதல் வாரங்களில் கண்டது

முதல் வாரம் நிறையக் கேள்வி கேட்டான். எப்ப வீட்டுக்கு, இந்த மருந்து ஏன் சிவப்பா இருக்கு, ஏன் மறுபடியும் ரத்தம் எடுக்கறீங்க. இரண்டாம் வாரத்தில் கேள்விகள் குறைந்தன. மூன்றாம் வாரத்தில் ஒன்றுகூட இல்லை. அடங்கிவிட்டான், நல்ல பிள்ளை என்று சிலர் சொன்னார்கள். வார்டில் ஒரு குழந்தையை 'நல்ல பிள்ளை' என்று சொன்னால் நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

இந்த அமைதியில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் இரவுப் பணிச் செவிலியர். வலியை அளக்க 6 முகங்கள் கொண்ட அட்டையைக் காட்டுவோம். வலியே இல்லை என்பதில் தொடங்கித் தாங்க முடியாத வலி வரை போகும் அட்டை அது. குழந்தை ஏதாவது ஒரு முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். இவன் எப்போதும் மூன்றாவது முகத்தைத்தான் தொட்டான். முதுகில் ஊசி போட்ட அன்றும் அதுதான், ஒன்றுமே நடக்காத மதியத்திலும் அதுதான். "நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள விரல் அங்க போயிடுது" என்றார் செவிலியர். எந்தப் பதில் சொன்னால் பெரியவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்புவார்கள் என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான்.

ஸ்டீராய்டு தின்னும் குழந்தைகளுக்குப் பசி அடங்காது, எரிச்சல் வரும், தூக்கம் கெடும், சட்டென்று அழுகை வரும். இவனிடமும் எல்லாம் இருந்தன. ஆகவே மருந்தால் வருவது எது, மனத்தால் வருவது எது என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் வரை காத்திருந்தோம். பசியும் எரிச்சலும் போயின. பேசாமை மட்டும் போகவில்லை. அப்புறம்தான் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று முடிவானது.

பக்கத்துக் கட்டிலில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். குணமாகிப் போய், நோய் திரும்பி வந்தவன். அவனோடு மட்டும் இவன் பேசுவான், சிரிப்பான். பெரியவர் யாராவது திரைச்சீலையை விலக்கினால் இரண்டு பேரும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள்.

ஏன் டிஜிட்டல் கதை

டிஜிட்டல் கதை என்பது புதுச் சரக்கு அல்ல. 1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆச்லி முதலியோர் நடத்திய பயிலரங்குகளில் உருப்பெற்றது. ஒருவர் தன் குரலில், தன் படங்களைக் கோத்து, சில நிமிடங்களுக்குள் சொல்லி முடிக்கும் சிறு காணொளி, அவ்வளவுதான். நோயுற்ற குழந்தைகளிடம் கணினிக் கதையைக் கொண்டுபோனதும் பழைய செய்திதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் ஆய்வகத்தில் மரினா பெர்ஸ் உருவாக்கிய சேஜ் என்ற மென்பொருளை பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் இதய நோயுள்ள குழந்தைகள் பயன்படுத்திய அனுபவம் 1998லேயே ஆய்வாக வெளிவந்தது.

எங்கள் காரணம் எளிமையானது. வார்டில் ஒரு குழந்தை தானாக முடிவு செய்யக்கூடியது ஏறக்குறைய எதுவுமில்லை. எப்போது எழுவது, எந்தக் கையில் ஊசி, யார் உள்ளே வரலாம், எல்லாம் மற்றவர் கையில். கதையில் மட்டும் எதை வைப்பது, எதை அழிப்பது, யாருக்குக் காட்டுவது என்பது அவன் கையில். காகிதத்திலும் கதை செய்யலாம்தான். ஆனால் டேப்லெட்டில் செய்ததை அழிக்கலாம், திரும்பச் செய்யலாம். படுத்துக்கொண்டே செய்யலாம். களைத்தால் பாதியில் விட்டுவிட்டு மூன்று நாள் கழித்து அதே இடத்திலிருந்து தொடரலாம். நோயுற்ற குழந்தைக்கு இந்தக் கடைசி வசதி சின்ன விஷயமில்லை.

பிரிவில் ஏற்கெனவே ஓர் ஆயத்தக் கதை இருந்தது. வெள்ளை அணு வீரர்கள் வாளெடுத்துக் கெட்ட அணுக்களை வெட்டுவார்கள். குழந்தை தன் படத்தை வீரனின் முகத்தில் ஒட்டினால் போதும். அதை வேண்டாம் என்று வைத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, தகவலே தப்பு. லுக்கேமியாவில் முதிராமல் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்வதே வெள்ளை அணுக்கள்தான். அவற்றை வீரர்களாக்கிவிட்டு, நாளை உண்மையைச் சொல்லும்போது குழந்தை எதை நம்புவான்? இரண்டு, போர்க் கதையில் தோல்வி என்று ஒன்று உண்டு. நோய் திரும்பினால் சரியாகச் சண்டை போடாத வீரன் யார் என்ற கேள்வி குழந்தையிடமே வந்து நிற்கும். பக்கத்துக் கட்டில் சிறுவன் அந்த ஆயத்தக் கதையை முதல் சிகிச்சையின்போதே செய்து முடித்தவன் என்பதையும் நாங்கள் மறக்கவில்லை.

கதை உருவான விதம்

"உனக்குப் பிடித்த யாரைப் பற்றியும் ஒரு கதை. உன்னைப் பற்றி இருக்க வேண்டியதில்லை. மருத்துவமனை வர வேண்டியதில்லை" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "தப்பாப் போனா?" என்றான். அழித்துக் காட்டினேன். மூன்று முறை அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினான்.

நடைமுறை விவரங்களையும் சொல்லிவிடுகிறேன், இவற்றில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிகிச்சையால் வெள்ளை அணுக்கள் குறைந்து, தொற்று எளிதில் வரக்கூடிய நாள்களில் பலர் தொட்ட கிரேயான், பசை எதுவும் உள்ளே போகக் கூடாது. டேப்லெட்டை ஜிப் வைத்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் மேல் ஆல்கஹால் துணியால் துடைத்துவிட்டுக் கொடுத்தோம். தொடுதிரை பைக்குள்ளிருந்தும் வேலை செய்யும். இணையத்தைத் துண்டித்து, தானாக இணையச் சேமிப்பகத்தில் (கிளவுட்) சேமிக்கும் வசதியையும் படங்களில் இடம் பதிவாவதையும் நிறுத்திவிட்டோம். ஒரு அமர்வு கால் மணி நேரம். முகம் வாடினால் அதற்கும் முன்பே நிறுத்திவிடுவோம்.

வரைவதில்தான் முதல் சிக்கல். வின்கிறிஸ்டின் நரம்புகளைத் தாக்கும். விரல் நுனி மரத்துப்போகும், பிடி தளரும். முதலில் வரைந்த ரயில் பெட்டி நேராக இருந்தது. அடுத்த வாரத்துப் பெட்டி கோணிப்போய் இருந்தது. அதைப் பார்த்து டேப்லெட்டைத் தள்ளிவிட்டான். ஆறுதல் சொல்லிப் பயனில்லை, வழிதான் வேண்டும். அவன் சொல்லச் சொல்ல நான் காகிதத்தில் உருவங்களை வெட்டிக் கொடுத்தேன் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்ததால் கத்தரிக்கோல் அவன் கையில் இல்லை). அவற்றைப் போர்வைமேல் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு படம் எடுத்தான். ஓடவிட்டால் ரயில் போகும். மடித்த முழங்கால்தான் மலை. இதே மருந்து தாடை வலியையும் தரும் என்பதால், குரல் பதிவை மருந்து ஏறிய அடுத்த சில நாள்களில் வைத்துக்கொள்ளவில்லை.

கதை இதுதான். ஒரு நாய்க்குட்டியை யாரோ ரயிலில் ஏற்றிவிடுகிறார்கள். எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எட்டிப் பார்த்து, "நம்ம ஊர் வந்துடுச்சா?" என்று கேட்கிறது. ரயிலில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "அடுத்த ஸ்டேஷன்தான்."

ரயிலின் ஊதல் சத்தத்தைக் கொடுத்தவன் பக்கத்துக் கட்டில் சிறுவன். இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்து ஊதினான். நான்கைந்து தடவை எடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பதிவின் கடைசியில் இருவரும் சிரிப்பது கேட்கும். "சிரிப்பை வெட்டிடலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

பக்கத்துக் கட்டில்

ஒரு நாள் இரவு அந்தச் சிறுவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். சில நாள்களில் இறந்துவிட்டான். இவனிடம், "அவன் வீட்டுக்குப் போயிட்டான்" என்று அம்மா சொன்னார். இவன் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த அமர்வில் ரயிலில் ஒரு பூனைக்குட்டி சேர்ந்திருந்தது. நாய்க்குட்டிக்குப் பக்கத்து இருக்கை. ராத்திரி எல்லோரும் தூங்கும்போது இறங்கிவிடுகிறது. இருக்கைக்கு அடியில் அதன் செருப்பு கிடக்கிறது. நாலு கால் பூனைக்கு இரண்டே செருப்பு, நீல நிறத்தில். பக்கத்துக் கட்டிலுக்கு அடியில் கிடந்த செருப்பும் நீலம்தான். படுக்கையைச் சுத்தம் செய்தவர்கள் கண்ணில் அது படவில்லை. இவன் கட்டில் உயரத்திலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிந்தது.

"பூனை எந்த ஸ்டேஷன்ல இறங்குச்சு?" என்று கேட்டேன்.

"தெரியாது. யாரும் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "வீட்டுக்குப் போறவங்க செருப்பை விட்டுட்டா போவாங்க, அக்கா?"

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அந்த நாய்க்குட்டி நீதானே, பூனை அவன்தானே என்று போட்டு உடைத்துவிடுவது ஆலோசகர்களுக்கு வரும் பெரிய சபலம். அப்படிச் செய்தால் குழந்தை கதைக்குள் வைத்திருக்கும் பாதுகாப்பைப் பிடுங்கிக்கொள்கிறோம். கதைக்குள் இருந்தபடியே, "நாய்க்குட்டி என்ன நினைக்குது?" என்று மட்டும் கேட்டேன். "அதுக்குத் தெரியும். ஆனா தெரியாத மாதிரி இருக்குது. எல்லாரும் கஷ்டப்படுவாங்கன்னு."

அன்று மாலை குழுவில் இதைப் பேசினோம். பெற்றோர் கேட்டுக்கொண்டதை மீறக் கூடாது என்று ஒரு தரப்பு. குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, நாம்தான் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்று இன்னொரு தரப்பு. மானுடவியலாளர் மைரா புளூபாண்ட்-லாங்னர் 1970களில் லுக்கேமியா வார்டு ஒன்றில் குழந்தைகளோடு இருந்து கவனித்து எழுதியது இங்கே பொருந்துகிறது. யாரும் சொல்லாமலேயே சின்னஞ்சிறு குழந்தைகள்கூடத் தங்கள் நிலைமையைத் தெரிந்துகொள்கிறார்கள். மற்றக் குழந்தைகளுக்கு நடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பிறகு பெரியவர்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறார்கள். இரு தரப்பும் நடிக்க, இரு தரப்பும் தனித்துப்போகும் நிலை அது. நாங்கள் கண்டதும் அதையேதான்.

ஆனாலும் நாங்களாக அவனிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். கதையைப் பெற்றோரிடம் போட்டுக் காட்டுவதும் இல்லை. அது அவனுடையது, காட்டுவதானால் அவன் காட்ட வேண்டும். பெற்றோரைத் தனியாகச் சந்தித்து, அவன் பேசாமை பற்றியும், அவனுக்கு எவ்வளவு தெரிந்திருக்கக்கூடும் என்பது பற்றியும் பேசுவது என்று தீர்மானித்தோம். அந்தச் சந்திப்புக்கு நாள் குறிப்பதற்குள் அவனே முந்திக்கொண்டான்.

குரல் பதிவு

நாய்க்குட்டிக்கு அவன் குரல். டிக்கெட் பரிசோதகருக்கு யார் குரல் என்றேன். "அம்மா."

அம்மாவுக்குக் கதை தெரியாது. ஒரே வரிதான், அதை ஐந்து ஸ்டேஷனுக்கு ஐந்து தடவை சொல்ல வேண்டும் என்று அவன் விளக்கினான். அவர் சிரித்துக்கொண்டே டேப்லெட்டை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஊர் வந்துடுச்சா?"

"அடுத்த ஸ்டேஷன்தான். தூங்கு."

இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அவன் கேட்டான், அம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மருந்து ஏற்றும் கருவி இரண்டு முறை ஒலித்ததும் அதில் பதிவாகியிருக்கிறது. "அம்மா, இன்னும் மூணு தடவை இருக்கு" என்றான் மெதுவாக. அவர் மூன்றையும் சொல்லி முடித்தார். குரல் மாறியிருந்தது. அப்புறம் தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நடைபாதையில் என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அவனுக்குத் தெரியும், மேடம்."

சொல்வது என்ற முடிவு

அப்பாவுக்குத் தயக்கம் இருந்தது. பெயரைக் கேட்டதும் பிள்ளை மனம் விட்டுவிடுவான் என்று பயந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. மருத்துவர் ஒன்று மட்டும் கேட்டார்: "உங்களுக்குச் சொன்னப்போ, தெரிஞ்சுக்கிட்டது கஷ்டமா இருந்ததா, தெரியாம காத்திருந்த அந்த நாள் கஷ்டமா இருந்ததா?" இரண்டும்தான் என்றார் அவர். மறுநாள் சம்மதித்தார், தானே சொல்வதாகவும் சொன்னார்.

என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே பேசிவைத்தோம். நோயின் பெயர். அது எங்கே இருக்கிறது. மருந்து என்ன செய்கிறது. முதல் கட்டத்தின் முடிவில் எடுத்த பரிசோதனை நல்லபடியாக இருந்தது. சிகிச்சை நீண்ட நாள் நடக்கும். இது யாருடைய தப்பினாலும் வந்ததில்லை. கடைசியாகச் சொன்ன இதை அவன் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இந்த வயதுக் குழந்தைகள் பலர் நோயைத் தண்டனை என்று எண்ணிக்கொள்வார்கள். குணமாகிவிடும் என்று சத்தியம் செய்வதில்லை என்றும் பேசிக்கொண்டோம். பக்கத்துக் கட்டில் சிறுவன் பற்றி அன்றே எடுக்க வேண்டாம், அவன் கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். ஒரே நாளில் இரண்டு பாரம் வேண்டாம் என்பது எண்ணம்.

அப்பா சொன்னார். அவன் கேட்ட முதல் கேள்வியே, "அவனுக்கும் இதேதானா?"

"அவனுக்கும் இந்த வகைதான். ஆனா ஒரு தடவை சரியாகி, திரும்ப வந்துடுச்சு. மருந்து கேக்கல. அவன் இறந்துட்டான்பா. வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னது உண்மை இல்ல."

நீண்ட நேரம் அழுதான். அப்பாவும்தான். பிறகு, தங்கையை ஊஞ்சலிலிருந்து தள்ளிவிட்டதால்தான் தனக்கு இப்படி ஆயிற்று என்று நினைத்திருந்ததாகச் சொன்னான். எப்போதோ நடந்தது, தங்கைக்கு அடிகூடப் படவில்லை. இத்தனை வாரமும் அதை வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான்.

கேஸ் ஷீட்டிலிருந்த சிவப்பு வரி அன்று மாலை அடித்து நீக்கப்பட்டது.

அதன் பின்

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை, டேப்லெட்டைத் தொடவில்லை. இரவில் விளக்கை அணைக்கக் கூடாது என்றான். சொல்லாமலேயே இருந்திருக்கலாமோ என்று அம்மா தவித்தார். கோபப்பட ஒரு காரணம் இருக்கிறது, கோபப்படுகிறான், பேசாமல் கிடந்ததைவிட இது மேல் என்று செவிலியர்தான் அவருக்குச் சொன்னார்.

அப்புறம் ஒரு காலை, மருத்துவர் வந்தபோது போர்வையை விலக்கி, "எல்லா ஸ்டேஷன் பேரும் எழுதிக் குடுங்க" என்றான். மருத்துவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், சிகிச்சையின் கட்டங்களை ஒரு தாளில் வரிசையாகக் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் சுமாராக எத்தனை வாரம், என்ன மருந்து, எப்போது முடி முளைக்கும், எந்தக் கட்டத்தில் பள்ளிக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். காய்ச்சல் வந்தாலோ அணுக்கள் குறைந்தாலோ ரயில் நடுவழியில் நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். கடைசிக் கட்டம் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதைவிட நீளம். "இவ்ளோ தூரமா?" என்று கத்தினான். அது முறைப்பாடுதான், ஆனால் எங்களைப் பார்த்துச் சொன்ன முறைப்பாடு.

கதையின் பின்பாதி அங்கிருந்து வந்தது. டிக்கெட் பரிசோதகர் நாய்க்குட்டிக்கு ஒரு தாள் கொடுக்கிறார். அதில் ஸ்டேஷன் பெயர்கள் இருக்கின்றன. கடைசி ஸ்டேஷன் மட்டும் மடிப்புக்குள் இருப்பதால் தெரியவில்லை. நாய்க்குட்டி ஊர் போய்ச் சேரும் காட்சியை அவன் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. மருத்துவமனைக் கதைகளுக்கு மகிழ்ச்சியான முடிவு கேட்டு வாங்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. முடிவு யாருக்காக என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் அது பார்ப்பவர்களுக்காகவே இருக்கும்.

வேறு என்ன மாறியது? வலி அட்டையில் விரல் நகரத் தொடங்கியது. முதுகு ஊசி நாளில் ஐந்தாவது முகம், சும்மா இருந்த நாளில் முதல் முகம். எண்ணைப் பார்த்தால் வலி கூடியதுபோல் இருக்கும். உண்மையில் இப்போதுதான் அளக்கவே முடிந்தது. அதன்படி மரப்புக் கிரீமை ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே தடவ ஏற்பாடு செய்தோம், மயக்க மருந்தின் நேரமும் மாற்றப்பட்டது. ஆகவே பின்னால் ஊசிப் பயம் குறைந்ததற்குக் கதைதான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். கிரீமுக்கும் மயக்க மருந்துக்கும் அதில் பங்கு உண்டு. உண்மை தெரிந்ததற்கும் உண்டு. முதுகு ஊசிக்கு அவன் கடைசிவரை அழுதான்.

ஊதல் சத்தம்

படம் முடியும் தறுவாயில் ஒரு கேள்வி எழுந்தது. அந்த ஊதல், அதன் கடைசியில் வரும் சிரிப்பு. அவன் அதை வைத்துக்கொள்ள விரும்பினான். ஆனால் அது இறந்துபோன ஒரு குழந்தையின் குரல். பதிவு செய்தபோது அந்தச் சிறுவனும் அவன் அம்மாவும் வாய்ச்சொல்லாகச் சரி என்றதோடு சரி, கையெழுத்து எதுவும் இல்லை. கையெழுத்து இருந்திருந்தாலும் சூழ்நிலை மாறிவிட்டது.

இரண்டு வழி இருந்தது. சத்தத்தை மாற்றிவிடுவது, அல்லது அந்தப் பெற்றோரிடம் கேட்பது. துக்கத்தில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று தோன்றியது. அதேசமயம் பிள்ளையின் குரல் எங்கள் கருவியில் இருப்பது அவர்களுக்குத் தெரியாமலேயே இருப்பதும் சரியில்லை. சில வாரம் கழித்து, அவர்களை ஏற்கெனவே தொடர்ந்து பார்த்துவந்த சமூகப் பணியாளர் வழியாகச் சொன்னோம். வேண்டாம் என்றால் அழித்துவிடுவோம் என்பதையும் சேர்த்தே சொன்னோம். அவர்கள் நீண்ட நேரம் எதுவும் பேசவில்லையாம். பிறகு, படத்தில் இருக்கட்டும், அந்தப் பதிவு மட்டும் தங்களுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார்கள். தேர்ந்தெடுக்காத மற்றப் பதிவுகளும் கருவியில் இருந்தன. அவற்றையும் சேர்த்துக் கொடுத்தோம்.

யார் பார்க்கலாம்

4 நிமிடத்துக்கும் குறைவான அந்தப் படத்தை முதலில் பார்த்தவர்கள் அம்மா, அப்பா, தங்கை, இரவுப் பணிச் செவிலியர், மருத்துவர். பட்டியல் போட்டவன் அவன். வார்டில் மற்றவர்களுக்குக் காட்டலாமா என்று கேட்டதற்கு, "சின்னப் பசங்க பூனையைப் பார்த்தா பயப்படுவாங்க" என்றான். தங்கை, நாய்க்குட்டிக்கு ஏன் யாரும் பிஸ்கட் கொடுக்கவில்லை என்று கேட்டாள். அடுத்த நாள் பிஸ்கட் சேர்ந்தது.

இதற்குள் பேச்சு பரவியது. மருத்துவமனையின் ஒரு நன்கொடை நிகழ்ச்சியில் படத்தைத் திரையிடக் கேட்டார்கள். நல்ல நோக்கம்தான். பெற்றோரும் நன்றிக்கடனாக உடனே சரி என்றுவிட்டார்கள். அவனிடம் கேட்டோம்: மேடையில் பெரிய திரையில், முன்பின் தெரியாத பலர் பார்ப்பார்கள், சிலர் அழுவார்கள், சிலர் கைப்பேசியில் எடுத்துக்கொள்ளவும் கூடும் என்று விவரமாகச் சொல்லிக் கேட்டோம். வேண்டாம் என்றான். பெற்றோரின் சம்மதம் இருந்தும் கொடுக்கவில்லை. 1989ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை கருத்துச் சொல்லவும் அதற்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் உரிமை தருகிறது. நிர்வாகத்துக்கு எழுதியபோது அதைக் குறிப்பிட்டேன். கொஞ்சம் மனத்தாங்கல் வந்தது, போயிற்று.

இதை எழுதும்போது அவன் கடைசிக் கட்டச் சிகிச்சையில், வீட்டிலிருந்து வந்துபோகிறான். பள்ளிக்குப் போகிறான். டேப்லெட் கதையில் இப்போது பெரிதாக நாட்டமில்லை, கிரிக்கெட்தான். இந்தக் குறிப்பை வாசித்துக் காட்டியபோது ஒரே ஒரு திருத்தம் சொன்னான், அதைச் செய்துவிட்டேன்.

இனி மாற்றிச் செய்வது

"குழந்தைக்குத் தெரியாது" என்று கேஸ் ஷீட்டில் எழுதும் வழக்கத்தை நிறுத்தியிருக்கிறோம். "பெற்றோர் சொன்னது இது" என்று எழுதி, எந்தத் தேதியில் மறுபடி பேசுவது என்பதையும் பக்கத்திலேயே குறிக்கிறோம். சேர்த்த அன்றே உண்மையைச் சொல்லச் சொல்லிப் பெற்றோரை நெருக்குவது சரியல்ல. ஆனால் அன்றைய முடிவே நிரந்தரமாகிவிடவும் கூடாது.

அம்மாவைக் குரல் கொடுக்கச் சொன்னபோது கதையின் போக்கு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. இந்த முறை விளைவு நல்லதாக அமைந்தது. இன்னொரு தாய் குழந்தையின் முன்னாலேயே உடைந்துபோயிருக்கலாம், அல்லது எங்கள்மேல் கோபப்பட்டுச் சிகிச்சையையே சந்தேகித்திருக்கலாம். இப்போது குடும்பத்தில் ஒருவருக்குக் கதையில் பங்கு வந்தால், குழந்தையிடம் கேட்டு, அவர் சொல்லப்போவது என்ன மாதிரியான வரி என்பதை முன்னதாகத் தெரிவிக்கிறோம். கதையைச் சொல்லிவிடாமல் இதைச் செய்வது எளிதில்லை, ஒவ்வொரு முறையும் தனியாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு குழந்தை இறந்ததை மற்றக் குழந்தைகளுக்கு யார், எப்போது, எப்படிச் சொல்வது என்று பிரிவுக்கு ஒரு முறை வகுத்திருக்கிறோம். படுக்கையைச் சுத்தம் செய்யும்போது பொருள்களைச் சரிபார்த்துக் குடும்பத்திடம் ஒப்படைப்பதும் அதில் அடக்கம்.

சம்மதப் படிவமும் மாறியது. குரல் கொடுக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் படிவம். வேலை தொடங்கும்போது ஒருமுறையும் முடிந்தபின் ஒருமுறையும் கேட்கிறோம், ஏனென்றால் தொடங்கும்போது கதை எதுவாகும் என்று யாருக்கும் தெரியாது. கோப்பு எங்கே இருக்கும், பிரதி யாரிடம், குழந்தை இறந்தால் என்ன செய்வது என்பதற்கும் அதில் இடம் உண்டு. கடைசிக் கேள்வியைப் பெற்றோரிடம் முதல் நாளே கேட்பது எங்கள் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. எனவே அதை அச்சிட்ட வரியாக வைக்காமல், நேரம் பார்த்துச் சமூகப் பணியாளர் கேட்டு எழுதும் இடமாக விட்டிருக்கிறோம். பொதுக் கருவியின் கேலரியில் முந்தைய குழந்தைகளின் படங்களோ குரல்களோ தங்கிவிடாமல் வாரத்துக்கொருமுறை பார்த்து, ஒவ்வொருவர் கோப்பையும் கடவுச்சொல் போட்ட தனிச் சேமிப்புக்கு மாற்றும் பொறுப்பு ஒரே ஆளிடம் கொடுக்கப்பட்டுள்ளது. அவர் விடுப்பில் போனால் யார் என்பதும் அதே தாளில் இருக்கிறது.